தக்காளியின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி

ஒளி எதிரொளித்தல் பாடம் முடிந்ததும் என் மாணவர்களிடம் ஒரு வினா கேட்பேன்: "சிவப்புத் தக்காளியின் மேல் டார்ச் அடித்தால், அதில் பளிச்சென்று மின்னும் புள்ளி என்ன நிறம்?" பலரும் "சிவப்பு" என்பார்கள். அடித்துப் பார்த்தால் வெள்ளை!

தக்காளியில் இரு வகை எதிரொளிப்பு நிகழ்கிறது. ஒளியின் ஒரு பகுதி தோலின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது. அது விளக்கின் நிறத்தையே காட்டும். மறு பகுதி உள்ளே சென்று, நிறமிகளால் ஓரளவு உட்கவரப்பட்டு, சிதறி வெளிவருகிறது. அதுவே நாம் காணும் சிவப்பு. வண்ணப் படத்திலிருந்து இவ்விரண்டையும் பிரிக்கும் வழியை 1985இல் கணினி அறிவியலாளர் ஸ்டீவன் ஷேஃபர் விளக்கினார்.

செயல்பாடு

1. அறையை இருட்டாக்கி, தக்காளி, சாக்பீஸ், பித்தளைச் சொம்பு மூன்றின் மீதும் வெள்ளை ஒளி தரும் டார்ச்சை அடிக்கவும். சாக்பீஸில் மின்னும் புள்ளி இராது. சொம்பில் புள்ளி மஞ்சளாக இருக்கும். உலோகத்தில் மேற்பரப்பே நிறத்தை மாற்றிவிடுகிறது.

2. டார்ச்சின் முன் மஞ்சள் செல்லோபன் தாளைக் கட்டவும். தக்காளியின் புள்ளியும் மஞ்சளாகும்.

3. கைபேசியில் படம் எடுக்கவும். ஒளி மிகுந்தால் படத்தில் புள்ளி வெளுத்துவிடும். டார்ச்சைச் சற்றுத் தள்ளிப் பிடிக்கவும்.

கணக்கு

படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. எளிமையாகச் சொன்னால், ஒவ்வோர் எண்ணும் ஒளியின் அளவையும் பொருள் எதிரொளிக்கும் பங்கையும் பெருக்கி வந்தது. 120 என்பது 200 × 0.6 ஆகலாம்; 150 × 0.8 ஆகவும் ஆகலாம். விடையை மட்டும் வைத்துக் காரணிகளைச் சொல்ல முடியாது. ஒரு காரணி தெரிந்தால் வகுத்து மற்றதை அறியலாம். வெள்ளைச் சாக்பீஸ் தன்மேல் படும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால், அதன் எண்களை ஒளியின் அளவாகக் கொள்வோம். அவை 200, 160, 80 என்றும், அருகிலுள்ள தக்காளியின் எண்கள் 160, 32, 16 என்றும் வைத்துக்கொண்டால், வகுக்கக் கிடைப்பவை 0.8, 0.2, 0.2. மஞ்சள் ஒளியிலும் தக்காளியின் சிவப்பு மீண்டுவிட்டது!

வாழ்வில்

நெற்பயிரின் இலை மஞ்சளாவது தழைச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். மாலை வெயிலில் எடுத்த படத்தில் நல்ல இலையும் மஞ்சளாகத் தெரியலாம். அதை நம்பி உரம் போட்டால் வீண் செலவு. இலையின் அருகே ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். தாளும் மஞ்சளாகத் தெரிந்தால் ஒளியைக் கணக்கில் கொள்ள வேண்டும். தாள் வெள்ளையாக இருந்து இலை மட்டும் மஞ்சளானால் பயிரைக் கவனிக்க வேண்டும். இதை மாணவர்களே வீட்டில் பெற்றோருக்கு விளக்கிச் சொல்ல முடியும்.