ஒரு மரம் எத்தனை டன் ஏசி?



நம்ம ஊர்ப் பேரிலேயே முல்லை இருக்கிறது. தொண்டைமான் மன்னனின் யானை நடக்க முடியாதபடி முல்லைக் கொடி காலைச் சுற்றிக்கொண்டது என்பது மாசிலாமணீஸ்வரர் கோயில் தலவரலாறு. யானையையே நிறுத்திய பச்சை! இன்று ஏப்ரல் மாத மதியம் இரண்டு மணிக்கு சி.டி.எச். ரோட்டில் பஸ்ஸுக்காக நின்று பாருங்கள், தெரியும்.

போன வருஷம் எங்கள் தெருவில் மழைநீர்க் கால்வாய்க்காக ஒரு வேப்பமரத்தை வெட்டினார்கள். "ஒரு மரம்தானே தம்பி, வேற வெச்சுக்கலாம்" என்றார் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆக்ஸிஜன், அது இது என்று ஏதோ உளறினேன். அவர் சிரித்தார். நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் நம் ஸ்டீம் டேபிளிலேயே இருக்கிறது.

30 டிகிரி செல்சியஸில் ஒரு கிலோ நீர் ஆவியாக சுமார் 2,430 கிலோ ஜூல் உள்ளுறை வெப்பம் வேண்டும். நன்கு வளர்ந்த ஒரு மரம் இலைகள் வழியே நாளுக்கு 100 லிட்டர் நீரை ஆவியாக விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,43,000 கிலோ ஜூல். 3,600-ஆல் வகுத்தால் 67.5 யூனிட். பகல் பத்து மணி நேரத்தில் இது நடந்தால் 6.75 கிலோவாட். ஒரு டன் ஏசி என்பது சுமார் 3.5 கிலோவாட். ஆக, மரம் கிட்டத்தட்ட இரண்டு டன்! ஈ.பி. பில் கிடையாது. ஏசி அறையைக் குளிர வைத்து, சூட்டைத் தெருவில் தள்ளும். மரம் அப்படிச் செய்வதில்லை.

ஆனால் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது மூடிய அறை அல்ல, குளிர்ச்சியைக் காற்று கொண்டுபோய்விடும். கோடையில் வேருக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், 100 லிட்டர் எங்கே வரும்? நம்ம சென்னைப் புழுக்கத்தில் ஆவியாதலும் குறைவுதான். என்னைக் கேட்டால், இங்கே நிழல்தான் பெரிய லாபம். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட். 6 மீட்டர் விட்டமுள்ள கிளைப்பரப்பு 28 சதுர மீட்டர், அதாவது 28 கிலோவாட் வெயிலில் பெரும்பகுதி தாரிலும் சிமெண்டிலும் இறங்காமல் தடுக்கப்படுகிறது. பகலில் இறங்கிய சூடுதான் ராத்திரி வெளியே வந்து நம்மைத் தூங்கவிடாமல் செய்கிறது. லண்டன் நகரம் சுற்றுப்புறக் கிராமங்களைவிட இரவில் சூடாக இருப்பதை லூக் ஹோவர்ட் 1818-லேயே வெப்பமானி வைத்து எழுதிவிட்டார். 1964-ல் தொழிற்பேட்டை வந்த அம்பத்தூரையும் அதை ஒட்டிய நம் ஊரையும் அளக்க நமக்கு என்ன தடை?

சும்மா நட்டால் போதும் என்பதும் தவறு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் குல்மொஹர், பெருங்கொன்றை போன்ற வெளிநாட்டு மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அடிமரம் வரை சிமெண்டு பூசி, கேபிளுக்காக வேரை அறுத்தால் எந்த மரம்தான் நிற்கும்? இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி சென்னையின் வனப்பரப்பு 22.70 சதுர கிலோமீட்டர். பெங்களூருவில் 89.02!

கோட்டூர்புரத்தில் குப்பை கொட்டிய அரசு நிலம் ஒன்றை 'நிழல்' என்ற அமைப்பும் தன்னார்வலர்களும் சேர்ந்து மரப்பூங்காவாக மாற்றினார்கள். தனி ஆளால் ஆகிற வேலை இல்லை அது. ஆராய்ச்சியும் அப்படித்தான். அமெரிக்க வனத்துறையும் ஒரு மரப் பராமரிப்புக் கம்பெனியும் சேர்ந்து 2006-ல் வெளியிட்ட 'ஐ-ட்ரீ' என்ற இலவச மென்பொருள், மரத்தின் இனத்தையும் அளவையும் கொடுத்தால் அதன் பயனைக் கணக்கிட்டுச் சொல்கிறது. அளவு எடுப்பது நாம்தான்.

சிவில் நண்பர்கள் தியோடலைட்டில் மரத்தின் உயரம் பார்க்கலாம். அடிமரச் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டரில் டேப் வைத்து எடுங்கள், அதுதான் நம் நாட்டில் வழக்கம். மெக்கானிக்கல்காரர்கள் ஏசி லேபிலிருந்து உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகளைக் கொண்டுவாருங்கள். திறந்த வெளியில் அளக்கும்போது வெப்பமானிக்கு மேல் ஓர் அட்டையைப் பிடிக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் காற்றின் சூட்டுக்குப் பதில் வெயிலின் சூட்டைக் குறித்துக்கொண்டு வருவோம். மதியம் இரண்டுக்கு ஒரு தடவை, இரவு ஒன்பதுக்கு ஒரு தடவை. கம்ப்யூட்டர் பிரிவு அட்டவணை போடட்டும்.

முதல் அளவை எங்கள் தெருவில், அந்த வேம்பு நின்ற இடத்தில் எடுக்கலாம். அடுத்த தெருவில் இரண்டு வேம்பு இன்னும் நிற்கின்றன. கால்வாய் வேலை அங்கேயும் வரப்போகிறது.