இறவைக் கிணறுகளுக்கு மாற்று இயந்திரம் தெரிந்தெடுத்தல்

தென்காசி, குற்றாலம் பக்கங்களில் சிற்றாற்றுக் கால்வாய்களும் குளங்களும் எட்டாத நிலங்கள் இறவைக் கிணறுகளையே நம்பியுள்ளன. முற்காலத்தில் கமலையும் எருதுகளும் செய்த வேலையைப் பின்னர் எண்ணெய் இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. 1944ஆம் ஆண்டில் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், திருநெல்வேலிச் சீமையில் மின்சார இறவைக்கு வழி பிறந்தது. 1990ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இறவை மின்சாரம் கட்டணமின்றி அளிக்கப்பட்டு வருகிறது.

இச்சௌகரியத்தோடு ஒரு தவறான வழக்கமும் வளர்ந்துவிட்டது. 5 குதிரைத்திறன் மோட்டார் பழுதானால் 7½ வாங்குவது, அதுவும் போதாதெனில் 10 வாங்குவது என்பதே அது. இயந்திரம் ஊற்றை உண்டாக்குவதில்லை. ஊறியதை மேலே கொணர்கிறது, அவ்வளவே. ஆகையால் பழைய இயந்திரத்தின் திறனைப் பாராமல், கிணற்றின் திறனை அளந்தே புதியதைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

1. முதலில் ஆராய வேண்டியவை

நீர் குறைந்துவிட்டால் குற்றம் மோட்டாருடையதே என்று முடிவு செய்யலாகாது. அடிவால்வு ஒழுகுதல், உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் காற்றுப் புகுதல், பம்பின் உட்சக்கரம் தேய்தல் ஆகிய சிறு பழுதுகளாலும் நீர் குறையும். இவற்றைச் சொற்பச் செலவில் சீர்செய்யலாம். ஆனால் பலமுறை கம்பிச் சுருள் மாற்றிக் கட்டிய மோட்டாரை மேலும் பழுதுபார்ப்பது பெரும்பாலும் வீண் செலவு.

2. ஊற்றை அளத்தல்

கிணற்றில் நீர் மிகவும் தாழ்ந்திருக்கும் காலத்தில் அளத்தல் வேண்டும். மலையடிவார ஊர்களில் அது சாரலுக்கு முந்திய சித்திரை, வைகாசி மாதங்கள். சாரல் மழை குறைவாயுள்ள ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கங்களில் வடகிழக்குப் பருவ மழைக்கு முந்திய புரட்டாசியிலும் அளந்து பார்ப்பது நலம்.

நீரை இறைத்துவிட்டு, குறித்த நேரத்தில் மட்டம் எவ்வளவு உயர்கிறதென்று பார்க்க. 20 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள கிணற்றில் 8 மணி நேரத்தில் 4 அடி நீர் ஊறினால், ஊறியது 1,600 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் இது சுமார் 45,000 லிட்டராகும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,35,000 லிட்டர். ஓர் ஏக்கருக்கு 2 அங்குல உயரம் நீர் பாய்ச்ச ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் தேவை. எனவே இக்கிணறு நாளொன்றுக்கு முக்கால் ஏக்கருக்கும் குறைவாகவே நனைக்கும்.

விநாடிக்கு 8 லிட்டர் தரும் பம்பு இந்நீரை 4¾ மணியில் இறைத்துவிடும். 16 லிட்டர் தருவது 2½ மணிக்குள் இறைத்து முடிக்கும். பாயும் நிலமோ இரண்டிலும் ஒன்றே. கிணறு வற்றியபின் ஓடும் பம்பு தேய்ந்து கெடுவதுதான் மிச்சம்.

3. ஏற்ற உயரமும் திறனும்

தாழ்ந்த நீர் மட்டத்திலிருந்து குழாய் வாய் வரையுள்ள உயரத்தோடு குழாயின் உராய்வு நட்டத்தையும் கூட்டுக. விநாடிக்கு வேண்டிய லிட்டரை இம்மொத்த அடியால் பெருக்கி 250ஆல் வகுத்தால், நீருக்கு வேண்டிய குதிரைத்திறன் கிடைக்கும். பம்பில் பாதித் திறன் வீணாகுமெனக் கொண்டு அதை இரட்டிக்க. மேற்படி கிணற்றில் 8 லிட்டரை 40 அடி ஏற்றுவதற்கு 1.28 குதிரைத்திறன் வேண்டும், இரட்டித்தால் 2.56. ஆகவே 3 குதிரைத்திறன் மோட்டார் போதும்.

குழாயின் குறுக்களவைப் பாதியாக்கினால், அதே நீரைச் செலுத்துவதில் உராய்வு நட்டம் சுமார் 32 மடங்காகும். பெரிய மோட்டாருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைத் தக்க குழாய்க்குச் செலவிடுவதே மேல். குழாய் வாயை வாய்க்காலுக்கு மேல் உயரத் தூக்கி வைப்பதும் வீணே. எலுமிச்சைத் தோப்பு முதலியவற்றில் சொட்டுநீர் அமைப்போர், வேண்டிய அழுத்தத்துக்காக உயரத்தைக் கூட்டிக்கொள்க. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் 33 அடி உயரத்துக்குச் சமம்.

4. எவ்வகை இயந்திரம்

மேலே வைக்கும் பம்பு, தாழ்ந்த நீர் மட்டத்துக்கு 20 அடிக்கு மேல் உயரத்தில் இருத்தலாகாது. நீர் அதனினும் தாழுமாயின், நீருள் மூழ்கி இயங்கும் பம்பே ஏற்றது. திறந்த கிணற்றுக்கான மூழ்கு பம்புக்கு ஐ.எஸ். 14220, ஆழ்துளைக் கிணற்றுக்கானதற்கு ஐ.எஸ். 8034 என்னும் தர எண்கள் உள்ளனவா எனவும், எரிசக்தித் திறன் நட்சத்திரங்கள் எத்தனை எனவும் பார்த்து வாங்குக.

மின் இணைப்பு உள்ள இடத்தில் டீஸல் இயந்திரத்தை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். இணைப்பு இல்லாத இடத்தில் சூரிய சக்திப் பம்பு பயன்படும். சாரல் மூட்டத்தில் அதன் நீர் குறையுமாயினும், அக்காலத்தில் தேவையும் குறைவே. 2019ஆம் ஆண்டில் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின்கீழ் இவை மானியத்தோடு வழங்கப்பட்டன. தற்போதைய விதிகளை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறிக. அனுமதிக்கப்பட்ட குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மோட்டாரை மின்சார வாரியத்தின் இசைவின்றிப் பொருத்தலாகாது.

5. கூட்டுக் கிணறுகள்

பல பங்காளிகள் முறை வைத்து இறைக்கும் கிணறுகளில் இவ்விஷயம் மிகவும் முக்கியமானது. பங்கு மணிக் கணக்கில் வகுக்கப்பட்டிருந்தால், ஒருவர் பம்பை இரட்டிப்பாக்கியவுடன் தம் முறையிலேயே அடுத்தவர் நீரையும் எடுத்துவிடுவார். மற்றவர்களும் கடன்பட்டுப் பெரிய மோட்டார் வைப்பர். கிணறு ஒன்றே, ஊற்றும் ஒன்றே. முடிவில் வழக்கும் கடனுமே மிஞ்சும். ஆதலால் மாற்றுவதற்கு முன் பங்காளிகள் கூடி ஊற்றை அளந்து, மணிக்குப் பதில் லிட்டர்க் கணக்கில் பங்கை எழுதிக் கையொப்பமிடுதல் உத்தமம். கிராம நிர்வாக அலுவலர்களும் ஊர்ப் பெரியோர்களும் முன்னின்று இதை நடத்திவைத்தால், நீரோடு உறவும் காக்கப்படும்.

ஒரு அளவுகோலும் ஒரு நாள் பொறுமையும் இருந்தால் இவ்வளவும் செய்துவிடலாம். கடைக்குப் போகுமுன் கிணற்றடிக்குப் போவீர்களாக.