பகிர்தல் அறம்

நுழையும்முன்

ஓர் இணைய இணைப்பை நூறு பேருக்கு அனுப்ப விரல்நுனித் தொடுதல் ஒன்றே போதும். அனுப்புவது எளிது, அனுப்பியதன் விளைவைத் திரும்பப் பெறுவது அரிது. எதனை, எவரிடம், எவ்வாறு பகிர்வது என அறிதல் இக்காலத்தின் நாவடக்கமாகும்.

வெள்ளம் கற்பித்த பாடம்

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் பெய்த பெருமழையால் சென்னையும் அதன் புறநகரங்களும் நீரில் தத்தளித்தன. தங்குமிடம், உணவு, படகு ஆகியவை கிடைக்கும் இடங்களைத் தன்னார்வலர்கள் இணையத்தில் பட்டியலிட்டனர். அப்பட்டியல்களின் இணைப்புகள் கைமாறிச் சென்று பலருக்குத் துணையாயின. அதே நாள்களில், இதனினும் பெருமழை வரும் என்று நாசா எச்சரித்ததாகவும், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாகவும் பொய்ச்செய்திகள் பரவின. ஊடகம் ஒன்றே, பகிர்ந்தோரின் பொறுப்புணர்வே வேறுபட்டது.

உயிர் பறித்த வதந்தி

2018ஆம் ஆண்டு மே மாதம் குழந்தை கடத்துவோர் குறித்த வதந்தி புலனம் என்னும் வாட்ஸ்அப் வழியே தமிழகத்தில் பரவியது. போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற முதிய பெண்மணியும், திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் ஓர் ஆணும் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டனர். அக்காலத்தில் இந்தியாவில் பரவிய காணொலிகளுள் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் தூக்கிச் சென்றவர் திரும்ப ஒப்படைக்கும் இறுதிப்பகுதி வெட்டப்பட்டிருந்தது. மூலத்தின் இணைப்பைத் தேடி முழுமையாகப் பார்த்திருந்தால் உண்மை விளங்கியிருக்கும்.

பகிரும் முறை

வானகரத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர் சிலர் பாடக்குறிப்புகளுக்கென ஒரு புலனக்குழு வைத்திருப்பதாகக் கொள்வோம். “கல்வி உதவித்தொகை, இன்றே கடைசி நாள்” என்னும் வரியோடு ஓர் இணைப்பு வருகிறது. திறந்தால் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் கேட்கிறது. பணமுடை மிகுந்த மாணவரே முதலில் ஏமாறுவார். எனவே, பகிர்வோர் முதலில் தாமே முகவரியை உற்றுநோக்க வேண்டும். முகவரித் தொடக்கத்திலுள்ள பூட்டுக்குறி வழியின் பாதுகாப்பையே காட்டும்; தளத்தை நடத்துபவரின் நேர்மைக்கு அது சான்றன்று. அரசு அறிவிப்பாயின் உரிய துறையின் தளத்திலும் அஃது இருத்தல் வேண்டும்.

வெறும் இணைப்பை மட்டும் இடுதல், பெயர் எழுதாத கடிதத்தை வீசிச் செல்வதற்கு ஒப்பாகும். அஃது எதைப் பற்றியது, வெளியிட்டவர் யார், எந்நாளில் வெளியானது, குழுவினருக்கு எவ்வாறு பயன்படும் என்பனவற்றை இரண்டு வரிகளில் எழுதுக. பிறர் எழுதிய கட்டுரையைப் படியெடுத்து ஒட்டாமல், ஆசிரியர் பெயரோடு இணைப்பைத் தருக. குழுவின் நோக்கத்திற்குப் புறம்பானதையும், ஒருவரது தனிப்பட்ட விவரம் அடங்கியதையும் தவிர்க்க.

தவறு நேர்ந்தால்

தவறான இணைப்பைப் பகிர்ந்துவிட்டால் ஓசையின்றி நீக்குதல் போதாது. அதற்குள் பலர் திறந்திருப்பர். அதே குழுவில், “நான் அனுப்பியது தவறு; எவரும் விவரம் தர வேண்டா” என அறிவித்தலே முறை. பெரியவர் ஒருவர் தவறாகப் பகிர்ந்தால், உண்மைச் சான்றைத் தனிச்செய்தியில் பணிவுடன் அனுப்புக. பிறர்க்குக் கேடு நேரும் எனின் குழுவிலும் உடனே எச்சரிக்க வேண்டும். பயனில சொல்லாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். பயனில பகிராமையும் அவ்வறத்தின் பாற்பட்டதே.

தெரிந்து தெளிவோம்

வதந்திகளைக் கட்டுப்படுத்த, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாத வரம்பை வாட்ஸ்அப் நிறுவனம் 2018இல் இந்தியாவில் கொணர்ந்தது. பலமுறை கைமாறிய செய்திக்கு 2020இல் அவ்வரம்பு ஒன்றாகக் குறைக்கப்பட்டது. இணையவழிப் பண மோசடிக்கு ஆளானோர் 1930 என்னும் எண்ணில் உடனே புகார் அளிக்கலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்களுக்கு வந்த ஓர் இணைப்பின் மூலம், நாள், வெளியிட்டவர் ஆகியவற்றைக் கண்டறிந்து வகுப்பில் உரையாடுக.
2. உங்கள் வகுப்புப் புலனக்குழுவுக்கு ஐந்து பகிர்வு நெறிகளை எழுதுக.