அலகு 7: செய்முறை விளக்கக் கட்டுரை
(பழுதடைந்த கார் எஞ்சினை வீட்டிலேயே மாற்றுதல் - மாதிரிக் கட்டுரையும் பயிற்சிகளும்)

இவ்வலகைக் கற்பதன் மூலம் நீங்கள் பெறும் தேர்ச்சிகள்:
• ஒரு செயலை ஒழுங்கு தவறாமல் எழுத்தில் விளக்குதல்
• ஒவ்வொரு படிமுறைக்கும் காரணம் கூறுதல்
• பேச்சுத் தமிழில் அறிந்ததை எழுத்துத் தமிழுக்கு மாற்றுதல்
• தொழில்சார் சொற்களைத் துல்லியமாகக் கையாளுதல்

1. அறிமுகம்

மாணவர்களே, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் பலர் செய்முறை விளக்கக் கட்டுரையைக் கண்டதும் ஒதுங்கிவிடுகின்றனர். வருணனைக் கட்டுரை, கற்பனைக் கட்டுரை என்றால் அழகான தொடர்களை எழுதிப் பக்கத்தை நிரப்பலாம். இதில் அது முடியாது என்பதே அவர்களது பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். செய்முறை விளக்கத்தில் அலங்காரத்துக்கு இடமில்லை. நீங்கள் எழுதியதை வாசிக்கும் ஒருவர் அதன்படி செய்து பார்க்கக்கூடும். ஒரு படி இடம் மாறினால் அவரது பொருள் பழுதாகும். சில வேளை கையோ காலோ போகும்.

எனது வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரியுடன் நிறுத்திவிடுவான். "எனக்கு எழுத ஒண்டும் தெரியாது சேர்" என்பான். பாடசாலை விட்டதும் கராச் ஒன்றில் உதவிக்கு நிற்பவன் அவன். ஒருநாள், "எஞ்சின் எப்படி மாற்றுவது? எனக்கு விளங்கும்படி சொல்லு" என்றேன். அவன் சொன்னது இது:

"முதல்ல பற்றரி வயரைக் கழட்டோணும் சேர். பிறகு தண்ணியையும் ஒயிலையும் இறக்கோணும். பொனற் கழட்டேக்க கீல் இருந்த இடத்தில கோடு கீறி வைக்கோணும், இல்லாட்டிப் பிறகு வடிவாப் பூட்டாது. வயருகளுக்குத் துணி கட்டி அடையாளம் போடோணும். கியர் பெட்டிக்குக் கீழ ஜாக்கி குடுக்காமல் எஞ்சினை இழுத்தா சாப்ற் பழுதாப் போயிடும். தூக்கேக்க ஒருத்தரும் கீழ நிக்கப்படாது."

இதனை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். ஒழுங்கு இருக்கிறது. காரணம் இருக்கிறது. எச்சரிக்கை இருக்கிறது. நல்ல செய்முறைக் கட்டுரைக்கு வேண்டிய அனைத்தும் அவனிடம் இருந்தன. எழுத்துத் தமிழ் மட்டுமே இருக்கவில்லை. எழுத்துத் தமிழ் பழகினால் வந்துவிடும். விடயம் தெரியாதவனுக்குத்தான் கட்டுரை கடினம். அவன் கூறியதை அடிப்படையாக வைத்து நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையே கீழே தரப்பட்டுள்ளது. விளக்கத்துக்காக இது சற்று விரிவாக எழுதப்பட்டுள்ளது. பரீட்சையில் வினா கேட்கும் சொல் எண்ணிக்கைக்கு ஏற்பச் சுருக்கி எழுதுங்கள்.

2. மாதிரிக் கட்டுரை

பழுதடைந்த எஞ்சினை மாற்றுதல்

எமது நாட்டில் இன்றும் ஓடும் பழைய கார்களுள் மொறிஸ் மைனரும் ஒன்று. 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமான இக்காரின் எஞ்சின் முன்புறத்தில் அமைந்துள்ளது. அது பின்சில்லுகளை இயக்குகின்றது. பொனற்றைத் திறந்தால் பெரும்பாலான பாகங்கள் கைக்கு எட்டும். எனவே அனுபவமுள்ள ஒருவரின் துணையுடன் வீட்டு முற்றத்திலேயே இதன் எஞ்சினை மாற்றலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இத்தகைய எஞ்சின்கள் பெருந்துன்பம் அனுபவித்தவை. 1990களில் பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை இயக்கிச் சூடாக்கிய பின்னர் மண்ணெண்ணெயில் காரை ஓட்டினர். முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலுடன் கலக்கும். ஒயில் ஐதாகும். ஐதான ஒயில் பெயாரிங்குகளைக் காப்பாற்றாது. இவ்வாறு தேய்ந்துபோன எஞ்சின்கள் பல.

முதலில், எஞ்சினை மாற்றத்தான் வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஒயில் பால் நிறமாக மாறியிருந்தால் நீர் கலந்துள்ளது என்பது பொருள்; சிலிண்டர் தலைக்குரிய கஸ்கற்றை மாற்றுவதுடன் வேலை முடியக்கூடும். ஆனால் நீல நிறப் புகை வெளிவருதல், ஒயில் அமுக்கம் குறைதல், எஞ்சினின் அடிப்பகுதியில் தட்டும் ஒலி கேட்டல் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் உட்பாகங்கள் தேய்ந்துவிட்டன எனக் கொள்ளலாம்.

மாற்று எஞ்சினை வாங்கும்போது அதன் கொள்ளளவைக் கவனிக்க வேண்டும். மொறிஸ் மைனருக்கு 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், 1962 முதல் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் பொருத்தப்பட்டன. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒத்திருப்பினும் கிளச்சின் அளவு வேறு. அளவு பொருந்தாத எஞ்சினை வாங்கியவர் கியர் பெட்டிக்கும் சேர்த்துச் செலவு செய்ய நேரிடும்.

வேலை செய்யும் இடம் மட்டமான சீமெந்துத் தரையாக இருத்தல் வேண்டும். மணல் தரையில் ஜாக்கி புதையும். பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். எஞ்சினைத் தூக்குவதற்கு இரும்புக் குழாய்களாலான உறுதியான முக்காலியும் செயின் புளொக்கும் தேவை. எஞ்சின் நூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடையது. வீட்டுக் கூரையின் வளையிலோ மாமரக் கிளையிலோ அதனைத் தொங்கவிடக் கூடாது.

கழற்றும் வேலை பற்றரியில் தொடங்க வேண்டும். காரின் உடலுடன் இணைக்கப்பட்டுள்ள புவி வயரையே முதலில் கழற்ற வேண்டும். பின்னர் ரேடியேற்றரிலுள்ள நீரையும் எஞ்சினிலுள்ள ஒயிலையும் பாத்திரங்களில் இறக்க வேண்டும். கழிவொயிலை நிலத்தில் ஊற்றக் கூடாது. குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லூடாக அது நிலத்தடி நீரை அடையும். அந்நீரே எமது கிணறுகளில் ஊறுகின்றது.

அடுத்து, கீல்கள் இருந்த இடத்தைக் கோடிட்டு அடையாளப்படுத்திவிட்டுப் பொனற்றை அகற்ற வேண்டும். ரேடியேற்றரையும் அதன் றப்பர்க் குழாய்களையும் கழற்ற வேண்டும். டைனமோ, கொயில், ஸ்ராட்டர் ஆகியவற்றின் வயர்களைக் கழற்றும்போது ஒவ்வொன்றிலும் இலக்கமிட்ட துணித்துண்டைக் கட்ட வேண்டும். பெற்றோல் குழாயைக் கழற்றியவுடன் அதன் வாயை அடைக்க வேண்டும். ஆவியாகும் பெற்றோல் சிறு தீப்பொறியிலும் பற்றிக்கொள்ளும். காபரேற்றருக்குச் செல்லும் கம்பிகளையும் புகைக் குழாயின் இணைப்பையும் விடுவிக்க வேண்டும்.

இப்போது வேலையின் மிக ஆபத்தான கட்டம் வருகின்றது. கியர் பெட்டியின் அடியில் ஜாக்கியை வைத்துத் தாங்க வேண்டும். எஞ்சினைச் செயினில் தாங்கிய பின்னரே அதனைக் கியர் பெட்டியுடன் இணைக்கும் போல்ற்றுகளையும், சட்டத்துடன் பிணைக்கும் போல்ற்றுகளையும் கழற்ற வேண்டும். கியர் பெட்டியின் தண்டு கிளச்சிலிருந்து முற்றாக விடுபடும்வரை எஞ்சினை நேராக முன்னோக்கி இழுத்து, அதன் பின்னரே மேலே தூக்க வேண்டும். தண்டு விடுபடுமுன் தூக்கினால் எஞ்சினின் பாரம் அத்தண்டில் ஏறும். தண்டோ கிளச் தட்டோ சேதமடையும். எஞ்சின் தொங்கிக்கொண்டிருக்கும்போது அதன் கீழ் ஒருவரும் நிற்கவோ கை நீட்டவோ கூடாது.

புதிய எஞ்சினைப் பொருத்துமுன், அதன் கிராங் தண்டு கையால் சுழல்கின்றதா எனப் பார்க்க வேண்டும். கிளச் தட்டையும் அதற்குரிய பெயாரிங்கையும் இவ்வேளையில் மாற்றுதல் சிறந்தது. பின்னர் அவற்றை மாற்றுவதாயின் எஞ்சினை மீண்டும் வெளியே எடுக்க நேரிடும். கிளச் தட்டை நடுமையத்தில் நிறுத்தி இறுக்க வேண்டும். எஞ்சினை இறக்கிக் கியர் பெட்டியுடன் சேர்க்கும்போது தண்டின் பற்கள் பொருந்தாவிடின், கிராங் தண்டைச் சிறிது சுழற்றிப் பார்க்க வேண்டும். போல்ற்றை முடுக்கி வலிந்து சேர்க்க முயலக் கூடாது.

அனைத்தையும் பூட்டிய பின்னர் ஒயிலையும் நீரையும் நிரப்ப வேண்டும். பிளக்குகளைக் கழற்றிய நிலையில், ஒயில் அமுக்க விளக்கு அணையும்வரை ஸ்ராட்டரினால் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். இதனால் எஞ்சின் இயங்குமுன்பே பெயாரிங்குகளுக்கு ஒயில் சென்றடையும். அதன் பின்னரே பிளக்குகளைப் பூட்டி, அவற்றின் வயர்களை 1-3-4-2 என்னும் எரி ஒழுங்கில் இணைத்து எஞ்சினை இயக்க வேண்டும். நீரோ ஒயிலோ பெற்றோலோ கசிகின்றதா எனப் பார்க்க வேண்டும். சில நாட்கள் ஓடிய பின்னர் போல்ற்றுகளை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

வேலை முற்றத்துடன் முடிவதில்லை. பழைய எஞ்சினின் இலக்கமே வாகனப் பதிவுச் சான்றிதழில் இருக்கும். எஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புதிய இலக்கத்தைப் பதிவு செய்தல் வேண்டும்.

3. கட்டுரையிலிருந்து கற்க வேண்டியவை

(அ) ஒழுங்கு
"எஞ்சினைத் தூக்க வேண்டும். அதற்கு முன் பற்றரியைக் கழற்றியிருக்க வேண்டும்" என எழுதுவது தவறு. வாசிப்பவர் முதல் வாக்கியத்தை வாசித்தவுடன் எஞ்சினைத் தூக்கிவிடுவார்! முன் செய்ய வேண்டியதை முன்னரே எழுதுங்கள். எழுதத் தொடங்குமுன் படிகளை ஒரு தாளில் ஒற்றைச் சொற்களாகக் குறித்துக்கொள்ளுங்கள்: பற்றரி - நீர், ஒயில் - பொனற் - ரேடியேற்றர் - வயர் - ஜாக்கி - செயின் - தூக்குதல்.

(ஆ) காரணம்
"மணல் தரையில் ஜாக்கி புதையும்" என்பது மூன்று சொற்களும் ஒரு வினையும் கொண்ட சிறு வாக்கியம். ஆனால் அது இல்லாவிட்டால் சீமெந்துத் தரை ஏன் என்பது வாசிப்பவருக்குத் தெரியாது. காரணம் தெரியாதவர் கட்டளையை மீறுவார். முக்கியமான ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணமாவது எழுதுங்கள்.

(இ) சொற்துல்லியம்
கட்டுரையில் "புவி வயரை முதலில் கழற்ற வேண்டும்" என்றே எழுதப்பட்டுள்ளது. "எதிர்முனை வயரை" என எழுதப்படவில்லை. ஏன்? இன்றைய கார்களில் பற்றரியின் எதிர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். மொறிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. "எதிர்முனை" என எழுதியிருந்தால் ஒரு காருக்குச் சரியாகவும் மற்றைய காருக்குப் பிழையாகவும் அமைந்திருக்கும். "புவி வயர்" என்பது இரண்டுக்கும் பொருந்தும். சரியான சொல்லைத் தேடுவதன் பயன் இதுவே.

கராச்சில் வழங்கும் சொற்களை அஞ்சாமல் எழுதுங்கள். யாருக்கும் விளங்காத புதுச் சொற்களை நீங்களாக ஆக்காதீர்கள். ஆனால் "கியர் பெட்டி" என ஓரிடத்தில் எழுதினால் இறுதிவரை அவ்வாறே எழுதுங்கள்.

(ஈ) வினைமுடிவு
"கழற்ற வேண்டும்", "நிற்கக் கூடாது" என்னும் வடிவங்களே கட்டுரை முழுவதும் வருகின்றன. ஓரிடத்தில் "கழற்று", இன்னோரிடத்தில் "கழற்றுங்கள்", வேறோரிடத்தில் "கழற்றினேன்" என மாறி மாறி எழுதக் கூடாது.

(உ) "அதேபோல" என்னும் பொறி
"கழற்றியதுபோலவே மறுவளமாகப் பூட்ட வேண்டும்" என எழுதிக் கட்டுரையை முடிப்போர் பலர். கழற்றும்போது இல்லாத வேலைகள் பூட்டும்போது உண்டு. கிளச் தட்டை மையப்படுத்தல், ஒயிலைப் பெயாரிங்குகளுக்கு ஏற்றுதல், கசிவு பார்த்தல் என்பன அவை. அந்த ஒரு வாக்கியத்தை நம்பிய எஞ்சின், ஒயில் இல்லாமலே இயங்கத் தொடங்கும்.

4. பேச்சுத் தமிழ் - எழுத்துத் தமிழ்

கழட்டோணும் - கழற்ற வேண்டும்
கழட்டேக்க - கழற்றும்போது
இல்லாட்டி - இல்லாவிடின்
குடுக்காமல் - கொடுக்காமல்
பழுதாப் போயிடும் - பழுதாகிவிடும்
நிக்கப்படாது - நிற்கக் கூடாது

5. பயிற்சிகள்

1. எஞ்சினை மாற்றத்தான் வேண்டும் என்பதைக் காட்டும் மூன்று அறிகுறிகள் எவை?
2. மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் தேய்வடைந்தமைக்கான காரணத்தை இரு வாக்கியங்களில் விளக்குக.
3. பின்வருவனவற்றை ஒழுங்குபடுத்துக: எஞ்சினை மேலே தூக்குதல் / கியர் பெட்டியை ஜாக்கியால் தாங்குதல் / எஞ்சினை முன்னோக்கி இழுத்தல் / புவி வயரைக் கழற்றுதல் / இணைப்புப் போல்ற்றுகளைக் கழற்றுதல்.
4. இலக்கணக் குறிப்புத் தருக: (i) கொடுக்காமல் (ii) தேய்ந்துபோன (எஞ்சின்) (iii) பொருத்தப்பட்டன
5. நீங்கள் வீட்டில் கண்ட அல்லது செய்த திருத்த வேலை ஒன்றை 200 சொற்களில் விளக்குக. (சைக்கிள் ரியூப் ஒட்டுதல், நீர்ப்பம்பி திருத்துதல், தையல் இயந்திரத்துக்கு எண்ணெயிடுதல் போன்றன.)

விடைகள்

1. நீல நிறப் புகை, ஒயில் அமுக்கம் குறைதல், அடிப்பகுதியில் தட்டும் ஒலி ஆகிய மூன்றும் சேர்ந்திருத்தல்.
2. முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுடன் கலந்து அதனை ஐதாக்கியது. ஐதான ஒயிலினால் பெயாரிங்குகளைத் தேய்விலிருந்து பாதுகாக்க முடியவில்லை.
3. புவி வயர் - ஜாக்கி - போல்ற்றுகள் - முன்னோக்கி இழுத்தல் - தூக்குதல்.
4. (i) எதிர்மறை வினையெச்சம் (ii) பெயரெச்சம் (iii) செயப்பாட்டுவினை

ஐந்தாம் வினாவுக்கு விடை இங்கே தரப்படவில்லை. அது உங்கள் வீட்டில் இருக்கிறது. எழுதி முடித்ததும் அந்த வேலையைச் செய்பவரிடமே வாசித்துக் காட்டுங்கள். "இதில ஒண்டை விட்டிட்டாய்" என்று அவர் சொன்னால் அதைச் சேர்த்து மீண்டும் எழுதுங்கள். அவரே உங்கள் முதற் பரீட்சகர்.