மெலிந்த முயல்

நுழையும் முன்

முயல் என்று நாம் தமிழில் கூறும் சொல்லையே அடுத்த வீட்டார் மலையாளத்திலும் கூறுகின்றனர். திருக்குறளில் ‘படைச்செருக்கு’ என்னும் அதிகாரத்தில் ஒரு முயல் வருகிறது. அது காட்டு முயல். அதன் குட்டி கண் திறந்து, உடலெங்கும் மயிரோடு பிறக்கும். வீட்டில் வளர்க்கும் முயலோ ஐரோப்பாவிலிருந்து வந்த இனம். அதன் குட்டி கண் மூடி, மயிரின்றிப் பிறக்கும். காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. இப்பாடம் வீட்டு முயலைப் பற்றியது.

பாடம்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவை நீங்கள் அறிவீர்கள். திருவிதாங்கூர்த் திவான் இராஜா கேசவதாஸ் அமைத்த அந்தத் தெருவில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வணிகர் பலர் வாழ்கின்றனர். அங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகள் ஏழாம் வகுப்பில் படித்தாள். நாகர்கோவிலிலிருந்து அத்தை கொண்டுவந்து கொடுத்த வெள்ளை முயல் ஒன்று அவளிடம் இருந்தது. அதற்கு அவள் இட்ட பெயர் பஞ்சு.

பஞ்சு மெலிந்ததை முதலில் ஒருவரும் அறியவில்லை. அடர்ந்த மயிர் உடலின் மெலிவை மறைத்துவிடும். ஒரு நாள் மாலை, மடியில் படுத்திருந்த முயலின் முதுகை ஆச்சி வருடினார். முதுகெலும்பு சீப்பின் பற்களைப் போல விரல் நுனியில் தட்டுப்பட்டது. நன்கு வளர்ந்த முயலின் முதுகெலும்பைத் தடவி உணரலாம். ஆனால் அது கூராக உறுத்தக் கூடாது. விலா எலும்பும் அவ்வாறே.

கடைத் தராசில் பஞ்சுவை நிறுத்தனர். எடை 1 கிலோ 350 கிராம். நான்கு மாதங்களுக்கு முன் அது 1 கிலோ 800 கிராம் இருந்தது. 450 கிராம் தானே என்று எண்ண வேண்டாம். அது முயலின் எடையில் நான்கில் ஒரு பங்கு. நாற்பது கிலோ எடையுள்ள மாணவன் ஒருவன் பத்து கிலோ இழப்பதற்கு அது சமம்.

“பிள்ளை எலும்பும் தோலுமா இருக்கே! ரெண்டு உருண்டை பால்சோறு திங்கட்டுமே” என்றார் ஆச்சி. பால்சோறு, வாழைப்பழம், பிஸ்கட், ரொட்டி எல்லாம் அடுத்தடுத்து வந்தன. மெலிந்தவரைக் கண்டால் சோறிடுவது நம் வழக்கம். நான் இவ்வூருக்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டில், விடுமுறைக்கு ஊர் சென்றபோது என் தாயாரும் அதையேதான் செய்தார். எனக்கு அது நன்மை செய்தது. முயலுக்கு அது தீங்கு செய்யும்.

அதன் காரணத்தை அறிவோம். முயலின் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் ஒரு பெரிய பை உள்ளது. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்ந்து, புல்லின் நாரைச் சிதைத்து முயலுக்கு உணவாக மாற்றித் தருகின்றன. மாவும் சர்க்கரையும் மிகுந்த உணவு அங்கே சென்றால் நல்ல நுண்ணுயிர்கள் குறைந்து, தீயவை பெருகும். மேலும், முயலால் வாந்தி எடுக்க இயலாது. உள்ளே சென்றது தவறான உணவாயினும் அது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

மூன்றாம் நாள் பஞ்சுவுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அன்றிரவு அது எதையும் உண்ணவில்லை. முயல் அரை நாள் உண்ணாதிருந்தாலே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். ஒரு நாள் கடந்தால் உயிருக்கே ஆபத்து. சிறுமி இரவு முழுவதும் கூண்டின் அருகிலேயே அமர்ந்திருந்தாள். விடிந்ததும் தந்தையும் மகளும் குடப்பனக்குன்னில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கு விரைந்தனர். ஆச்சியும் உடன் சென்றார்.

“உணவைக் கண்டால் ஓடி வருகிறதா?” என்று மருத்துவர் வினவினார். சிறுமி எண்ணிப் பார்த்தாள். ஓடி வரும், முகர்ந்து பார்க்கும், பிறகு திரும்பிக்கொள்ளும். சில நாளாக அதன் தாடை ஈரமாகவும் இருந்தது. மருத்துவர் சிறு விளக்கின் ஒளியில் முயலின் வாயை ஆராய்ந்தார். கடைவாய்ப் பற்களின் ஓரங்கள் முள்போல வளர்ந்து நாவைக் கிழித்திருந்தன. பஞ்சுவுக்குப் பசி இருந்தது, மெல்லத்தான் முடியவில்லை.

முயலுக்கு 28 பற்கள். அவை அனைத்தும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் ஓராண்டில் 10 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். நார் மிகுந்த புல்லை நாள்தோறும் நெடுநேரம் அரைத்தால்தான் அவை தேயும். மென்மையான உணவை மட்டும் உண்ணும் முயலுக்குப் பல் தேய வழியில்லை.

மருத்துவர் மலையாளத்தில் இரண்டே சொற்களைக் கூறினார்: “பல்லு, புல்லு.” ஆச்சிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மயக்க மருந்து கொடுத்துப் பற்கள் தேய்த்துச் சீராக்கப்பட்டன. (வீட்டில் நகவெட்டி கொண்டு முயலின் பல்லை வெட்டவே கூடாது, பல் பிளந்துவிடும்.) குடற்புழு உள்ளதா என்று கழிவையும் ஆய்ந்தனர். மெலிவுக்குப் புழு, வலி, வெப்பம், கூண்டில் உடனிருக்கும் வேறு முயலின் தொல்லை எனப் பல காரணங்கள் உண்டு. காரணம் அறியாமல் உணவை மட்டும் கூட்டினால் மெலிவு தீராது.

பின்னர் உணவு மாறியது. ஆனால் ஒரே நாளில் மாறவில்லை. புதிய உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டி 7 முதல் 10 நாளில் முழு அளவுக்குக் கொண்டுவந்தனர். உலர்ந்த புல் எப்போதும் கூண்டில் இருந்தது. நாளொன்றுக்கு முயலின் உடலளவு குவியல் தேவை. ஆச்சி அறுகம்புல்லை மொட்டைமாடியின் நிழலில் உலர்த்தினார். இடவப்பாதி மழை தொடங்கியதும் புல் பூஞ்சை பிடித்தது. பூஞ்சை பிடித்த புல் நஞ்சாகலாம் என்பதால் அதை எறிந்துவிட்டுக் கடையில் வாங்கினர். முயல் தீவனக் குச்சிகளை ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 25 கிராம் என்னும் அளவில், காலையும் மாலையும் பிரித்து அளித்தனர். கொத்தமல்லித் தழையும் முள்முருங்கை இலையும் சிறிதளவு கொடுத்தனர். கேரட் விரல் நுனியளவே. குதிரைமசால் புல் எடையைக் கூட்டும் என்று கடைக்காரர் கூறினார். அது வளரும் குட்டிகளுக்கு ஏற்றது. வளர்ந்த முயல் தொடர்ந்து உண்டால் அதிலுள்ள மிகுந்த சுண்ணாம்புச்சத்து சிறுநீர்ப்பையில் தொல்லை தரும் என்று மருத்துவர் தடுத்தார்.

ஒரு நாள் பஞ்சு தன் மென்மையான கழிவைத் தானே உண்பதைக் கண்டு ஆச்சி அதட்டினார். அதட்ட வேண்டியதில்லை. நுண்ணுயிர்கள் ஆக்கிய சத்தை முயல் இவ்வாறுதான் மீண்டும் பெறுகிறது.

ஞாயிறுதோறும் காலையில், உணவுக்கு முன் எடை பார்த்தனர். முதல் வாரம் 1,350 கிராம். இரண்டாம் வாரம் 1,375. மூன்றாம் வாரம் 1,360! சிறுமி மறுநாள் பள்ளியில் யாரிடமும் பேசவில்லை. ஆனால் முயல் உண்டது, ஓடியது, கழிவு உருண்டையாக இருந்தது. ஆகவே உணவை மாற்றாமல் காத்திருந்தனர். ஆறாம் வாரம் 1,480. பத்தாம் வாரம் 1,650.

“1,800 வந்ததும் தீவனக் குச்சியைக் குறையுங்கள், புல்லை மட்டும் குறைக்க வேண்டாம்” என்றார் மருத்துவர். அன்று வீடு திரும்பியதும் ஆச்சி வாழைப்பழத்தை உரித்தார்; பஞ்சு அருகே வந்து மூக்கை அசைத்தது. ஆச்சி அதைப் பார்த்தார். பழத்தைத் தாமே உண்டார்.

சொற்பொருள்

மெலிவு – உடல் இளைத்தல்
வினவினார் – கேட்டார்
இடவப்பாதி – மலையாள இடவ மாத நடுவில் தொடங்கும் பருவமழை
தீவனம் – விலங்குகளுக்கான உணவு

பயிற்சி

1. பஞ்சுவுக்குப் பசி இருந்தது என்பதைக் காட்டும் செயல் எது?
2. மூன்றாம் வாரம் எடை குறைந்தபோதும் உணவை மாற்றாதது ஏன்?
3. ஆச்சி முதலில் கூறியதை எழுத்துத் தமிழில் எழுதுக.
4. பல், புல், முயல் போலத் தமிழிலும் மலையாளத்திலும் பொதுவாக வழங்கும் ஐந்து சொற்களை உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.
5. 1,600 கிராம் எடையுள்ள முயலுக்கு ஒரு வேளைக்கு எத்தனை கிராம் தீவனக் குச்சி தேவை?