தோள், முழங்கை நோவுக்குப் பூச்சு மருந்து

மண்வெட்டி பிடிப்பதும் கிணற்றில் வாளி இழுப்பதும் நமது அன்றாட வேலைகள். இடம்பெயர்ந்து வந்து புதிய காணியைத் துப்புரவாக்கும் குடும்பங்களுக்கு இவ்வேலை இரட்டிப்பாகிறது. சில வாரங்களில் முழங்கையின் வெளிப்புறம் நோகிறது; அல்லது கையை மேலே உயர்த்த முடிவதில்லை. கை ஓய்ந்தால் அன்றைய கூலியும் ஓய்ந்துவிடும். ஆகவே கடையில் ஏதாவது வாங்கிப் பூசுகிறோம். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்துகொள்வோம்.

நோவது எது?

தசையை எலும்போடு பிணைக்கும் நார்தான். ஒரே அசைவை நாள் முழுவதும் செய்யும்போது, அந்த நார் ஆறுவதற்கு முன்பே மீண்டும் நைந்துபோகிறது.

பூச்சு மருந்துகள் இரு வகை

1. தைலங்கள்: இவற்றிலுள்ள மெந்தோல், கற்பூரம் போன்றவை தோலில் குளிர்ச்சியையோ சூட்டையோ உணரச் செய்து நோவைச் சிறிது நேரம் மறக்கச் செய்கின்றன. நாரை ஆற்றுவதில்லை.

2. டைக்குளோபெனாக் ஜெல்: இம்மருந்து தோலினூடாக உட்செல்கிறது. குளிசையிலும் பார்க்க மிகக் குறைவாகவே இரத்தத்தில் சேர்வதால் வயிற்றுக்குத் தீங்கு குறைவு. முழங்கை நார் தோலுக்கு அண்மையில் இருப்பதால் அங்கே ஓரளவு பயன் தரும். தோள் நார் தடித்த தசையின் கீழ் இருப்பதால் அங்கே பயன் குறைவு.

கவனிக்க வேண்டியவை

- காயத்திலோ கண்ணருகிலோ பூசக்கூடாது. பூசியபின் கையைக் கழுவுவோம்.
- பூசிய இடத்தில் சூட்டு ஒத்தடம் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது.
- கர்ப்பிணிகள், அஸ்பிரின் ஒவ்வாதவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டே பூச வேண்டும்.
- தைலப் போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைப்போம். விண்டர்கிறீன் எண்ணெய் சேர்ந்த தைலத்தைச் சிறிதளவு குடித்தாலும் உயிருக்கு ஆபத்து.

நாரைத் தேற்றுவது எது?

வேலையை முற்றாக நிறுத்தத் தேவையில்லை. பங்கிட்டுச் செய்தால் போதும். மண்வெட்டி வேலையை இடையிடையே மாற்றுவோம். கிணற்றுக்குக் கப்பி போடுவோம். முழங்கை நோவுக்கு, முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடிப்போம். மற்றக் கையால் மணிக்கட்டை உயர்த்தி, மெதுவாகத் தாழ்த்துவோம். தினமும் 10 முதல் 15 தடவை செய்யலாம். மறுநாள் நோவு கூடினால் பாரத்தைக் குறைப்போம். குணமாக மாதங்கள் செல்லலாம், பொறுமை வேண்டும்.

விழுந்தபின் கை உயராவிட்டால், மூட்டு சிவந்து காய்ச்சல் வந்தால், கை விறைத்தால் வைத்தியசாலைக்குச் செல்வோம். தோள் நோவுடன் நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். ஒரு கணமும் தாமதிக்கக்கூடாது.

கலந்துரையாடுவோம்: நமது வீட்டில் தண்ணீர் அள்ளுவது யார்? அந்தச் சுமையை எவ்வாறு பங்கிடலாம்?