ஊளைக் குரங்கும் செந்நரியும்

ஊளையிடும் விலங்கு யாதென வினவினால், "நரி" என்று உடனே விடை பகர்வீர்கள். ஊளையையே பெயராகப் பெற்ற குரங்கும் ஒன்று உண்டு. தென் அமெரிக்கா, நடு அமெரிக்கா ஆகிய பகுதிகளின் காடுகளில் வாழும் ஊளைக் குரங்கே அது. அதனையும், ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களில் வாழும் செந்நரியையும் ஒப்பிட்டுக் காண்போம்.

வேற்றுமைகள்

ஊளைக் குரங்கு மரத்தில் வாழ்ந்து இலையும் கனியும் உண்பது. இலையில் சத்துக் குறைவாதலால் பகலில் பெரும்பொழுது ஓய்ந்திருக்கும். அதன் வால் ஐந்தாம் கைபோல் கிளையைப் பற்றும். தொண்டையிலுள்ள எலும்பொன்று பருத்துக் குடம்போல் குழிந்திருப்பதால், அதன் குரல் 3 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

செந்நரி தரையில் வாழ்வது. எலி, பறவை, புழு, கனி முதலியவற்றை உண்ணும். புல்லில் மறைந்த எலியின் ஓசையைக் கேட்டே பாய்ந்து பிடிக்கும். அதன் அடர்ந்த வால் குளிரில் போர்வையாகும்.

குரங்கிற்குப் பற்கள் 36, நரிக்கு 42. குரங்கு சுமார் 6 மாதம் சுமந்து ஒரு குட்டியை ஈனும். அக்குட்டி தாயின் உடலைப் பற்றிக்கொண்டே வளரும். நரி ஏறத்தாழ 52 நாள் சுமந்து, வளையில் நான்கைந்து குட்டிகளை ஈனும். அவை கண் திறவாமல் பிறக்கும்.

ஒற்றுமைகள்

இரண்டிற்கும் உடலில் உரோமமும், கழுத்தில் 7 எலும்புகளும் உண்டு. இரண்டும் குட்டிக்குப் பாலூட்டுகின்றன. ஆகவே இரண்டும் பாலூட்டிகள். மனிதராகிய நாமும் அவ்வினமே.

நாம் உணர வேண்டியது

ஓரினமாதலால் சில நோய்களும் நமக்குப் பொதுவாகின்றன. 2016ஆம் ஆண்டின் இறுதியில் பிரேசில் நாட்டில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது ஆயிரக்கணக்கான குரங்குகள் மடிந்தன. நோயைப் பரப்புவது குரங்கே என்றெண்ணிச் சிலர் அவற்றை அடித்துக் கொன்றனர். உண்மையில் அதனைப் பரப்புவது கொசு. ஊளைக் குரங்கு நோய்க்கு முதலில் இரையாகி, "ஆபத்து வருகிறது" என நமக்கு அறிவிக்கும் காவலனேயாகும்.

ஐரோப்பாவில் செந்நரிகள் வெறிநோயைப் பரப்பின. அவற்றைக் கொன்றும் நோய் ஒழியவில்லை. 1978இல் சுவிட்சர்லாந்தில் தடுப்பு மருந்து வைத்த கோழித் தலைகளைக் காட்டில் இட்டனர். நரிகள் அவற்றைத் தின்றன, நோய் தணிந்தது. 1999இல் அந்நாடு வெறிநோயற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

தடி சாதிக்காததை அறிவு சாதித்தது. பெற்றோர்களே, நாமும் குரங்கின்மேல் கல்லெறிவதை விடுத்து, வீட்டோரத்தில் நீர் தேங்கிய தகரங்களையும் உடைந்த மங்குகளையும் கவிழ்த்து வைப்போமாக!